தவிட்டுக்கு வாங்கிய சௌக்கியம்

"சௌக்கியமா?" என்று கேட்டால் "சௌக்கியம்" என்று நேராகப் பதில் சொல்லிவிடுகிற மனிதரை நான் நம் பக்கத்தில் அதிகம் பார்த்ததில்லை. "ஏதோ இருக்கிறேன்" என்பார் ஒருவர். "உங்கள் ஆசீர்வாதத்தில் வண்டி ஓடுகிறது" என்பார் இன்னொருவர். "இந்த முழங்கால் ஒன்றைத் தவிர..." என்று ஆரம்பித்து, முழங்காலிலிருந்து மெள்ள மெள்ள மேலே ஏறி, இடுப்பில் சற்றுத் தங்கி, கழுத்து வரைக்கும் வந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, திண்ணைத் தூணில் சாய்ந்து, ஆற்றங்கரைக் காற்றில் அரைக்கண் மூடியிருக்கிற ஆசாமிகூட, கேட்டால் "என்னமோ, காலம் போகிறது" என்றுதான் சொல்லுவார்.

வெளிதேசத்தார் யாராவது இதையெல்லாம் கேட்டால், தமிழ்நாட்டில் சந்தோஷமாக இருக்கிறவர்களே கிடையாது என்று குறிப்பு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். விஷயம் அப்படியல்ல. நம்மவர்களுக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. அதைச் சத்தம் போட்டுச் சொல்லத்தான் பயம். தூங்குகிற குழந்தையை நின்று ரசிக்கக் கூடாது, பெற்ற தாயின் கண்கூடப் பட்டுவிடும் என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லுவார்கள். சௌக்கியத்தையும் நாம் அந்தக் குழந்தை மாதிரிதான் வைத்திருக்கிறோம். அது பாட்டுக்குத் தூங்கட்டும் என்று, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடமாடுகிறோம்.

பதில் சொல்லத் தயங்குகிறோமே தவிர, கேட்பதை நாம் விட்டதில்லை. 1879-ஆம் வருஷம் இந்தியாவில் தபால் கார்டு வந்தபோது அதன் விலை காலணா. அதில் எழுதுவதற்கு இருந்த இடமும் காலணா பெறுமான இடம்தான். அந்தக் கொஞ்ச இடத்திலும் முதல் இரண்டு வரியை, இங்கே யாவரும் க்ஷேமம் என்று சொல்வதற்கும், அங்கே யாவர் க்ஷேமத்துக்கும் எழுதச் சொல்வதற்கும் நம்மவர்கள் தாராளமாகச் செலவழித்தார்கள். எழுதுகிறவர் ஜுரத்தில் படுத்திருந்தாலும் முதல் வரியில் எல்லோரும் க்ஷேமம்தான். ஜுரம் நாலாவது வரியில்தான் வரும். கார்டு கையிலிருந்து போய்க் கைபேசி வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. காலையில் கண் விழித்ததும் ரோஜாப் பூப் படத்தோடு வந்து நிற்கிற செய்திகளைப் பார்த்து அலுத்துக்கொள்ளுகிறோம். ஆனால் தினம் படம் அனுப்புகிற பெரியவரிடமிருந்து இரண்டு நாள் படம் வராவிட்டால், மூன்றாம் நாள் நாமே கூப்பிட்டு விசாரிக்கிறோம்.

சௌக்கியத்தைக் கண் படாமல் ஒளித்து வைக்கிற இந்தச் சாமர்த்தியத்தில் ஒரு பகுதிதான் நம் வீடுகளில் குழந்தைகளுக்கு வைத்த சில பெயர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்ததாக ஒன்று பிறந்தால், அதற்கு அழகான பெயர் வைக்கப் பயப்படுவார்கள். குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ அழைப்பார்கள். நாலு வீட்டில் பிச்சை எடுத்த அரிசியில் கஞ்சி காய்ச்சி ஊட்டிப் பிச்சை என்று பெயரிடுவார்கள். ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள். எமனோ, பொல்லாத கண்ணோ, வேறு எதுவோ, அந்தப் பக்கம் வந்தால், 'இது ஒன்றுக்கும் உதவாத சரக்கு' என்று நினைத்துத் திரும்பிப் போய்விட வேண்டும். அதுதான் யுக்தி.

என் வீட்டுப் பெயர் தவிடு.

இந்தப் பெயர் அச்சேறுவது இதுதான் முதல் தடவை. புத்தக அட்டைகளில் இருக்கிற பெயர் வேறு. அது தாத்தாவின் பெயர். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள் தங்கவில்லை. ஒன்று அம்மையில் போயிற்று. மற்றொன்று என்ன காய்ச்சல் என்று தெரிவதற்குள் போயிற்று. ஆஸ்பத்திரி என்று சொல்லிக்கொள்ளக்கூடிய இடம் எங்கள் கிராமத்திலிருந்து ஒன்பது மைல். அதற்கும் ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். நான் பிறந்த பதினோராம் நாள் அம்மா என்னை முறத்தில் கிடத்தி, அடுத்த வீட்டுப் பாட்டியின் மடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாளாம். சற்று நேரத்துக்கெல்லாம் அந்தப் பாட்டி முறத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்று, "பிள்ளை வேண்டுமா, பிள்ளை?" என்று, கீரை விற்கிறவளைப் போலக் கூவினாளாம். அம்மா பேரம் பேசி, ஒரு மரக்கால் தவிட்டை அளந்து கொட்டி என்னை வாங்கிக்கொண்டாள். பேரம் பேசியதுதான் இதில் முக்கியம். ஆசையாகக் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினால், பார்த்துக்கொண்டிருக்கிற எமனுக்குச் சந்தேகம் வந்துவிடும் அல்லவா?

"உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று தமிழ்நாட்டில் எல்லாக் குழந்தைகளையும்தான் கேலி செய்து அழ வைக்கிறார்கள். என் விஷயத்தில் அது கேலியல்ல. ரசீது இல்லாத கிரயம். அவ்வளவுதான் வித்தியாசம். அம்மாவிடம் அன்றைக்கு வேறு மருந்து இருக்கவில்லை. காசநோய்த் தடுப்பு மருந்து தயாரிக்கும் கூடம் சென்னைக் கிண்டியில் ஆரம்பமானதே 1948-இல்தான். பெரியம்மை நம் தேசத்தை விட்டுப் போக 1975 வரையில் ஆயிற்று. உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-இல் அறிவித்தார்கள். அதற்கெல்லாம் முன்னால், கையில் ஒன்றும் இல்லாத ஒரு பெண்பிள்ளை, தன் குழந்தையைக் காப்பாற்றத் தன்னால் முடிந்ததாக ஒரு பெயரை வைத்தாள். அந்தப் பெயரில் மருந்துச் சத்து இருந்ததா இல்லையா என்று நான் ஆராய்ச்சி செய்ததில்லை. அதற்குப் பிறகு என்னை ஒரு நாளில் நூறு தடவை அந்தப் பெயரால் கூப்பிட்டு, நான் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

எல்லாச் செல்லப்பெயருக்கும் இப்படிப் பயந்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சில பெயர்களுக்கு மரியாதை காரணம். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பெயரன் என்ற சொல்லே பேரன் ஆயிற்று. ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அப்படியானால் தன் பிள்ளையைத் திட்டுவது எப்படி? சாப்பிடக் கூப்பிடுவது எப்படி? இந்தத் தர்மசங்கடத்தில் பிறந்தவர்கள்தான் நம் அம்பிகளும் ராஜாக்களும் பாப்பாக்களும். எண்பது வயது அம்பி கைத்தடி ஊன்றிக்கொண்டு வருவார். கொள்ளுப்பேரன் எடுத்த பாப்பா பல் இல்லாத வாயால் சிரிப்பாள். அவர்களுடைய முழுப் பெயர் கல்யாணப் பத்திரிகையிலும் பட்டாவிலும் மட்டும் இருக்கும்.

வீட்டுப் பெயர் வெளியே போய்ப் பெரிய பெயராகிவிட்டதும் உண்டு. தமிழ்த்தாத்தா என்று நாடு கொண்டாடுகிற உ. வே. சாமிநாதையருக்கு (1855–1942) முதலில் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்டதோ சாமா; சாமிநாதன் என்பதன் சுருக்கம். அவருடைய ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வீட்டில் எப்படி அழைப்பார்கள் என்று விசாரித்து, அந்தப் பெயரையே விரித்துச் சாமிநாதன் என்று வழங்கலானார். ஆனந்த விகடனில் 1940 முதல் வெளிவந்த 'என் சரித்திர'த்தில் ஐயரே இதைச் சொல்லியிருக்கிறார். ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து சங்கத் தமிழை நமக்கு மீட்டுக் கொடுத்த பெயர், அடுக்களையிலிருந்து தாயார் கூப்பிட்ட பெயர்தான்.

அந்தச் சாமிநாதையர் 1937-இல் தம் உரையோடு பதிப்பித்த குறுந்தொகையைத் திறந்து பாருங்கள். அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார், குப்பைக் கோழியார் என்று புலவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தாய் தகப்பன் இட்ட பெயர்கள் தெரியாமல் போய்விட, பாட்டில் வந்த ஓர் அழகான உவமையை எடுத்து அதையே பெயராக வைத்துவிட்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒருவரைக் குப்பைக் கோழியார் என்று 'ஆர்' விகுதி போட்டு அழைக்கிற தேசத்தில், தவிடு என்று இருப்பதில் எனக்கு என்ன குறை?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கூப்பிடுகிற வாய் ஒன்றல்ல. பண்ணையில் உழைத்து உழைத்துத் தலை நரைத்த பெரியவரை, பண்ணை வீட்டுப் பொடியன் "அடே குப்பா!" என்று கூப்பிட்ட காலம் நம் ஜில்லாக்களில் இருந்தது. அது செல்லம் அல்ல, அதிகாரம். ஒருவருடைய கால் ஊனத்தையோ கண் ஊனத்தையோ பெயராக்கித் தெருவில் கூவுவதும் செல்லம் ஆகாது. நான் கண்ட அடையாளம் ஒன்றுதான். செல்லப்பெயர் வைத்தவர், அந்தப் பெயருக்குரியவர் ராத்திரி சாப்பிட்டாரா என்று கவலைப்படுவார். பட்டப்பெயர் கட்டுகிறவருக்கு அந்தக் கவலை கிடையாது.

தவிட்டுக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் என் வயிற்றைப் பரிசோதித்த ஒரு டாக்டர், "உங்கள் சாப்பாட்டில் நார்ச்சத்துப் போதாது, தவிடு நீக்காத தானியமாகச் சாப்பிடுங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எமனை ஏமாற்றுவதற்காக, உலகத்திலேயே மலிவான சரக்கு என்று நினைத்து அம்மா அளந்து கொட்டிய பொருளை, இப்போது கடையில் பளபளக்கும் பையில் போட்டு, அரிசியைவிட ஜாஸ்தி விலைக்கு விற்கிறார்கள்.

அதன் பெருமை புதிதுமல்ல. ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு போகாத அரிசியைத் தின்றால் அவை எழுந்து நடப்பதையும் கவனித்தார். அந்த வழியில் தொடங்கிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிபெரி என்ற கொடிய வியாதியைத் தடுக்கிற சத்து தவிட்டில்தான் இருக்கிறது என்று பிற்பாடு தெளிவாயிற்று. அந்தச் சத்தை 1936-இல் செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1886-இல் பிறந்தவர். ஆக, மிஷின் ரைஸ் மில்லில் நாம் மல்லிகைப் பூவாகத் தீட்டித் தள்ளியதோடு சௌக்கியத்தில் ஒரு பங்கும் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு வேறு பெயர் வைத்திருப்பாள். விலை உயர்ந்த பெயர் உதவாது அல்லவா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுவதைப் பற்றி இந்த நாளில் சொல்லப்படும் யோசனைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்துக்குத்தான். 'மருந்து' என்று அதற்குப் பெயர். பத்துக் குறளில் பாதிக்கு மேல், முன்னே சாப்பிட்டது செரித்த பிறகு அளவாகச் சாப்பிடு என்பதையே வள்ளுவர் மாற்றி மாற்றிச் சொல்லுகிறார். இது எந்தத் தாயாரும் சொல்லக்கூடியது. என்னை நிறுத்தி வைத்தது கடைசிக் குறள். மருந்து என்பது நாலு பங்கு என்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து அதைக் கொடுக்கிறவர். முதல் மூன்றும் யாருக்கும் தோன்றும். நாலாவதாக ஓர் ஆளையே மருந்தில் சேர்த்தாரே, அங்கேதான் அவர் வள்ளுவர்.

அந்த நாலாவது பங்கு என்னவென்று எனக்கு விளங்கியது ஓர் ஆஸ்பத்திரியில். என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்கா, ஈரக் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிய வேண்டிய நேரத்தில் நர்ஸ் அம்மாள், ஆதார் அட்டையில் இருந்த முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டார். உரத்த குரலில் கூப்பிட்டார். அக்கா அசையவில்லை. அந்தப் பெயரால் அவளை யார் கூப்பிட்டிருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்து வாத்தியார் ஐந்து வருஷம் கூப்பிட்டிருப்பார். அப்புறம் கல்யாணத்தன்று புரோகிதர் கூப்பிட்டிருப்பார். நான் கட்டிலருகில் போய்க் குனிந்து, "குஞ்சக்கா" என்றேன்.

இமை அசைந்தது. உதடு வறண்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே, "யாரு, தவிடா? சாப்பிட்டாயாடா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலைமையில் இல்லை. நர்ஸ் அம்மாள்தான், "சாப்பிட்டார், பாட்டி. நீங்கள் கண்ணைத் திறங்கள்" என்றார். அன்றையிலிருந்து அந்த வார்டு முழுவதும் அவள் குஞ்சுப் பாட்டியாகிவிட்டாள். பெயர் மாறியதும் சாத்துக்குடிச் சாறு நேரத்துக்கு வந்தது. தலையணை தானாக நிமிர்ந்தது. முன்பு கவனிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை, நன்றாகவே கவனித்தார்கள். ஆனால் அட்டையில் இருக்கிற பெயருக்கு மருந்து கொடுப்பது ஒரு விதம், குஞ்சுப் பாட்டிக்கு மருந்து கொடுப்பது ஒரு விதம்.

அக்கா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தினம் ராத்திரி எட்டு மணிக்கு என்னைத் தொலைபேசியில் கூப்பிடுவாள். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான். "தவிடு, சாப்பிட்டாயா? என்ன கறி?" புடலங்காய் என்றால், "கூட்டா, பொரியலா?" என்பாள். கூட்டு என்றால், "ராத்திரியில் என்னத்துக்குத் தேங்காய்?" என்று கோபித்துக்கொள்ளுவாள். நானும் அங்கே என்ன கறி என்று கேட்பேன். ஆக மொத்தம் மூன்று நிமிஷம். இரண்டு கிழங்கள் தினம் காய்கறிப் பட்டியல் படிப்பதில் என்ன ரசம் இருக்கிறது என்று என் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். அந்த மூன்று நிமிஷம் ஆன பிறகுதான் எனக்கு அன்றைய நாள் முடிந்தது போல இருக்கும். படுத்தால் தூக்கம் வரும்.

முறத்தில் கிடந்த அந்தக் குழந்தையைப் பார்த்தவர்களில் இன்றைக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அம்மா போய்விட்டாள். கூவி விற்ற பாட்டி எப்போதோ போய்விட்டாள். ஊரில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது வேறு வீடு இருக்கிறது. குஞ்சக்காவுக்குப் பிறகு, நான் இருந்தாலும் தவிடு இருக்க மாட்டான். சில நாள் தொலைபேசி எட்டு மணிக்கு அடிக்காமல் எட்டேகாலுக்கு அடித்தால், அந்தக் கால் மணி நேரம் நான் நாற்காலியில் உட்கார மாட்டேன். ஒரு மரக்கால் தவிட்டைக் கொடுத்துவிட்டு எமனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது கொஞ்சம் தெரிகிறது.

போன மாதம் ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆறு வயதுப் பேத்தி எடுத்தாள். நான் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. "தவிடுத் தாத்தா குளிக்கிறார். இன்னும் சாப்பிடவில்லை. வெண்டைக்காய்" என்று அக்காவிடம் வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அக்கா சிரித்த சிரிப்பு கூடம் வரைக்கும் கேட்டது. அன்றையிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பெயர். மாடிக் குடித்தனத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. மாடிப்படியில் அவர்கள் "தவிடுத் தாத்தா" என்று கூவினால், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நான் திரும்பிப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. "என்னடா?" என்று கேட்டு, அவர்கள் சாப்பிட்டாயிற்றா என்றும் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.